மதில் ஓரத்து வெட்சி மஞ்சளாகுதா? முதல்ல யூரியாவை நிப்பாட்டுங்கோ

கொழும்பு வெள்ளவத்தையில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா. புது மதில் கட்டி முடிஞ்ச கையோட அதுக்குக் கீழ வரிசையா வெட்சி வச்சவவாம், முதல் கொஞ்ச காலம் நல்லா வந்ததாம், இப்ப கொழுந்து இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சையாத் தெரியுது, பூவும் இல்லை. யூரியா போட்டாச்சு, முட்டைக் கோது போட்டாச்சு, சாம்பலும் போட்டாச்சு, இனி என்ன செய்யிறது எண்டு கேக்கிறா.

அக்கா, நீங்க சொன்ன அந்தப் "பச்சை நரம்பு" ஒண்டே போதும். உங்கட கண்டுக்கு உரம் குறைவில்லை, மண்ணில சுண்ணாம்பு கூடிப் போச்சு. யூரியாச் சத்து, அதாவது நைதரசன், குறைஞ்சா முதல்ல பழுக்கிறது அடியில இருக்கிற பழைய இலை, அதுவும் நரம்போட சேத்து முழுசா மஞ்சளாகும். நுனிக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையா நிண்டா அது பெரும்பாலும் இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்காத குறை. பழைய இலையில ஊதா, செம்மண்ணிறப் புள்ளி விழுந்தா அது வேற கதை, வெட்சியில அது அனேகமா பொட்டாசியம் குறையிறதால வாறது.

வெட்சி எங்கட நாட்டுக்கும் தென்னிந்தியாவுக்கும் சொந்தமான செடி. புளிப்பான மண்தான் அதுக்குப் பிடிக்கும், பீஎச், அதாவது மண்ணின்ர புளிப்பைக் காட்டுற அளவு (இது குறையக் குறையப் புளிப்புக் கூட), 5க்கும் 6க்கும் இடையில இருந்தா சந்தோசமா வளரும். கொழும்புப் பக்கத்துக் கபுக் மண், அதாவது செம்புறைக்கல் மண், இயல்பாவே அப்பிடியான மண், அதின்ர சிவப்பே இரும்பாலதான். ஆனா மதில் கட்டேக்க சிந்தின சீமெந்து, உடைஞ்ச கல்லு, பூச்சுக் கழிவு எல்லாத்தையும் மேசன்மார் அத்திவாரத்துக்குப் பக்கத்திலயே தாட்டுப்போட்டுப் போயிடுவினம், ஒவ்வொரு மழைக்கும் அதில இருக்கிற சுண்ணாம்பு கரைஞ்சு வேரடிக்கு வரும், பீஎச் ஏறும், அப்ப மண்ணில எவ்வளவு இரும்பு இருந்தாலும் வேரால உறிஞ்ச ஏலாது. இதுக்கு மேல முட்டைக் கோதும் சாம்பலும் போட்டா சுண்ணாம்புக்கு மேல சுண்ணாம்பு. கத்தரிக்கு முருங்கைக்கு என்னவும் போடுங்கோ, வெட்சிக்கு இந்த ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

சந்தேகமா இருந்தா வேரடி மண் ஒரு பிடி எடுத்து காய விட்டு அதில கொஞ்சம் வினாகிரி ஊத்துங்கோ. நுரைச்சா சுண்ணாம்பு கிடக்கு. நுரைக்காட்டி தண்ணி தேங்குதா எண்டு பாருங்கோ, வேர் மூச்சு முட்டினாலும் இதே மஞ்சள் வரும்.

என்ர யோசனை, கண்டு சின்னனா இருந்தா கிளப்பி மதில்ல இருந்து ஒரு மூண்டு அடி தள்ளி வையுங்கோ. மே மாச மழை இல்லாட்டி ஒக்டோபர் மழை தொடங்கேக்க செய்தா கெதியா வேர் பிடிக்கும். ஒண்டரை அடிக் குழி வெட்டி, கல்லுத் துண்டெல்லாம் பொறுக்கி எறிஞ்சிட்டு, நல்ல செம்மண், கம்போஸ்ட், கழுவின தும்புத்தூள் மூண்டையும் கலந்து நிரப்புங்கோ. இடம் மாத்த ஏலாட்டி கொஞ்சம் பொறுமை வேணும்: மேல்மண்ணை வேர் நோகாமல் சுரண்டி எடுத்து கம்போஸ்ட் போட்டு, மேல காய்ஞ்ச இலையால மூடி விடுங்கோ. கந்தகத் தூள் கொஞ்சமாத் தூவினாலும் பீஎச் இறங்கும், ஆனா அதுக்கு மாசக் கணக்கில எடுக்கும், அவசரப்பட்டு அள்ளிக் கொட்டிப்போடாதேங்கோ.

உடன வித்தியாசம் தெரியோணும் எண்டா விவசாய மருந்துக் கடையில பெரஸ் சல்பேட் எண்ட இரும்பு உப்பு வாங்கி ஒரு லீட்டர் தண்ணிக்கு 2, 3 கிராம் கரைச்சு வெயில் தாழ்ந்த பிறகு இலையில தெளியுங்கோ, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா. டைல்ஸில, மதில்ல பட்டா துருக்கறை பிடிக்கும், கவனம். ஆனா இது தற்காலிகம்தான், மண்ணைத் திருத்தாமல் இதையே தெளிச்சுக்கொண்டிருக்கிறதில பிரயோசனமில்லை.

பூ வராததுக்கு இன்னொரு காரணமும் இருக்கும். வரிசையா வச்சவை எண்டு சொல்லுறியள், அப்ப வேலி மாதிரி இருக்கோணும் எண்டு அடிக்கடி கத்தரிக்கிறீங்களோ? வெட்சி கிளை நுனியிலதான் பூக்கும், நுனியை வெட்டினா மொட்டும் சேந்து போகும். ஒரு பூப்பு முடிஞ்ச உடன ஒருக்கா அளவா வெட்டிட்டு அடுத்த பூ வரும்வரை கத்திரிக்கோலை அங்கால வையுங்கோ. ஒரு நாளைக்கு 5, 6 மணித்தியாலம் வெயிலும் படோணும், மதில் நிழல் விழுற பக்கம் பூ குறையும்.

எறும்பு ஏறி இறங்குதெண்டா இலைக்கு அடியைப் பாருங்கோ, வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூச்சி ஒட்டிக்கிடக்கும், அதின்ர இனிப்புத் தண்ணிக்குத்தான் எறும்பு வாறது. தண்ணியை வேகமா அடிச்சுக் கழுவிட்டு வேப்பெண்ணெய் கரைசல் தெளிச்சாக் காணும்.

புதுக் கண்டு வாங்கப் போறவைக்கு ஒண்டு. நர்சரியில "ரத்மல்" (வெட்சிக்குச் சிங்களப் பேர்) எண்டு கேட்டு, இதழ் நுனி கூரா இருக்கிற உயரமான நாட்டு வெட்சியா எடுங்கோ. சின்ன இலைக் குட்டை வகை ஹோட்டல் வாசலுக்கு அழகுதான், ஆனா நாட்டுச் செடி ஆள் உயரத்துக்கு மேல வளந்து கொத்துக் கொத்தா பூத்து முருகன் படத்துக்கும் காணும், வண்ணாத்திப்பூச்சிக்கும் காணும், பழத்துக்குக் குருவியும் வரும்.

அக்கா, ஏற்கனவே மஞ்சளான இலை எல்லாம் திரும்பப் பச்சையாகாது, அதைப் பாத்து மனம் விட்டுடாதேங்கோ. புதுசா வாற கொழுந்தைப் பாருங்கோ, அது பச்சையா விரிஞ்சா வைத்தியம் சரி.