மூடிய வளையம் ஏன் திறந்துகொள்கிறது?

வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தானே நகைகளுக்கான இணைப்பு வளையங்கள் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எவ்வளவு அழுத்தி மூடினாலும் முனைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி நிற்கிறது. டாலர் கழன்று விழுகிறது. தடித்த கம்பிக்கு மாறட்டுமா, எல்லாவற்றையும் பற்றவைத்துவிடட்டுமா?"

முதலில் ஒரு வளையத்தின் முனைகளை உருப்பெருக்கியில் பாருங்கள். வெட்டுக்குறட்டால் நறுக்கியிருந்தால் ஒரு முனை தட்டையாகவும் மற்றது கூரை முகடுபோல் கூராகவும் இருக்கும். தட்டையும் கூரும் எப்படிப் பொருந்தும்? குறடுதான் கையில் இருக்கிறது என்றால், ஒவ்வொரு வெட்டுக்கும் அதைத் திருப்பிப் பிடித்துக் கூர்முனையைச் சீவிவிட்டு, அப்புறம் அடுத்த வளையத்தை நறுக்குங்கள். என் கை என்னவோ சன்ன ரம்பத்துக்குத்தான் போகும். கம்பிச் சுருள் மேல் ஒட்டுநாடா சுற்றி, 4/0 என்ற மெல்லிய அளவு ரம்ப பிளேடில் தேன்மெழுகு தடவி, நேர்கோட்டில் அறுத்தால் இரு முகமும் சமமாக வரும். வளையங்களும் சிதறி ஓடாது.

அடுத்தது மூடும் விதம். முனைகளைப் பக்கவாட்டில் இழுத்துப் பிரித்தால் வட்டம் கெட்டுவிடும். பிறகு அது சரியாகச் சேராது. பல் இல்லாத இரண்டு குறடுகளால் பிடித்து, ஒரு முனையை உங்கள் பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் திருகித் திறங்கள். மூடும்போது லேசாக உள்நோக்கி அழுத்தியபடி, முனைகள் ஒன்றையொன்று சற்றே தாண்டிப் போகும்வரை முன்னும் பின்னும் அசையுங்கள். உரசல் விரலுக்குத் தெரியும். அந்த உரசலோடு நேர்ப்படுத்தி நிறுத்தினால், முனைகள் ஒன்றையொன்று நெருக்கியபடியே நிற்கும். பட்டு நூல் ஒன்றை அந்த இடத்தில் இழுத்துப் பாருங்கள். சிக்காமல் வழுக்கிப் போக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் திறந்தால் அளவைப் பாருங்கள். 0.8 மி.மீ. கம்பியில் உள்விட்டம் 3 மி.மீ. வளையம் நன்றாகத் தாங்கும். அதே கம்பியில் 8 மி.மீ. வளையம் சின்ன இழுப்புக்கே வாய் பிளக்கும். வளைய அளவை மாற்றாமல் கம்பியை 1 மி.மீ. ஆக்கினால் விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். பெரிய வளையத்துக்குத் தடித்த கம்பி நியாயம்தான்.

பற்றவைப்பை, பூட்டுக் கொக்கி மாட்டும் கடைசி வளையம், கனமான டாலர் தொங்கும் வளையம் ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பற்றாசு, அதாவது இணைப்பில் உருகி ஓடும் உலோகக் கலவை, இடைவெளியை நிரப்பித் தரும் என்று நம்பாதீர்கள். முனைகள் தொட்டுக்கொண்டிருந்தால்தான் ஓடிப் பிடிக்கும். பற்றாசு ஓட உதவும் வெங்காரம் தடவி, இணைப்புக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சூடேற்றிக்கொண்டு வாருங்கள். சூட்டில் வெள்ளி இளகிப்போயிருக்கும். ஆறியதும் இரும்புக் கோலில் கோத்து, நைலான் சுத்தியலால் சுற்றிலும் நாலு தட்டு தட்டினால் ஓரளவு விறைப்பு திரும்பும்.