வாசகர் கேள்வி – பதில்: 'ரிப்பிள்' எல்லாம் சிற்றலைதானா?

கேள்வி: அகராதியில் 'ரிப்பிள்' என்றால் 'சிற்றலை' என்று இருக்கிறது. ஆங்கில நாளிதழில் சிரிப்புக்கும் கட்சிப் பூசலுக்கும் அதே சொல் வருகிறதே, தமிழில் எப்படி எழுதுவது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வேலூர்க் கோட்டை அகழியில் காற்று லேசாகப் பட்டதும் தண்ணீரின் மேல்பரப்பு சுருங்கி விரியுமே, அதுதான் ரிப்பிள். ஆழத்தைக் கலக்காது, ஆனால் கரைவரை பரவும். எது அப்படிப் பரவுகிறது என்று பார்த்துத் தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

தண்ணீருக்குச் 'சிற்றலை' சரி. அரங்கில் எழுந்தால் 'சிரிப்பலை'. கட்சிக்குள் என்றால் 'சலசலப்பு'. இந்த இடத்தில் பலர் 'அதிர்வலை' போடுகிறார்கள். அது 'ஷாக் வேவ்'. சின்ன முணுமுணுப்பை நிலநடுக்கம் ஆக்கிவிடும், வேண்டாம். 'ரிப்பிள் எஃபெக்ட்' வந்தால் 'தொடர் விளைவு' என்று எழுதுங்கள்: ஆம்பூரில் ஷூ ஆர்டர் குறைந்தால் தோல் பதனிடும் இடத்தில் வேலை குறையும், அங்கே கூலி வாங்குபவரின் மளிகைக் கடைக் கணக்கில் பாக்கி ஏறும்.

நம் பழைய சொல் ஒன்றும் இருக்கிறது: 'திரை'. அலைக்கும் அதுதான் பெயர், 'நரை, திரை' என்கிறபோது தோல் சுருக்கத்துக்கும் அதுதான் பெயர். ரிப்பிளுக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை. இன்று சினிமாத் திரையோடு குழம்பும் என்பதால் கவிதையில் மட்டும் கையாளலாம்.

கேள்வி: ஆம்ப்ளிஃபயரில் 'உம்ம்' என்று இரைச்சல். மெக்கானிக் 'ரிப்பிள் வருது' என்கிறார். அப்படியென்றால்?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஏசி மின்சாரத்தை டிசி ஆக்கிய பிறகும் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம் அது. நம் லைன் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. ஏசியை டிசி ஆக்கும் நான்கு டையோடு பிரிட்ஜ் வழியாக வந்தால் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். அதை நிரப்பிச் சமன் செய்வது ஃபில்டர் கெப்பாசிட்டர்.

முதலில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். அப்போதும் இரைந்தால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் அடங்கினால் இன்புட் ஒயரின் எர்த்தைப் பாருங்கள். 1 ஆம்பியர் இழுக்கும் சர்க்யூட்டில் 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் ரிப்பிள் ஏறத்தாழ 4.5 வோல்ட் வரும். 4700 போட்டால் 2 வோல்ட் அளவுக்கு இறங்கும்.

பழைய கெப்பாசிட்டர் உள்ளே காய்ந்து, மண்டை உப்பியிருக்கும். மாற்றும்போது வோல்ட்டேஜில் கஞ்சத்தனம் கூடாது. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் உச்சம் 17 வோல்ட். 16 வோல்ட் கெப்பாசிட்டர் தாங்காது, 25 வோல்ட்டே போடுங்கள். உடம்பில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். மாற்றி வைத்தால் வெடிக்கும். பிளக்கைப் பிடுங்கி, ரெசிஸ்டர் வழியாகச் சார்ஜை இறக்கிய பிறகே கை வையுங்கள்.

கேள்வி: வெள்ளம் வடிந்ததும் பாலாற்று மணலில் வரிவரியாக இருக்கிறதே, அதுவும் ரிப்பிளா?
– வாசகர், பள்ளிகொண்டா

பதில்: ஆமாம், 'ரிப்பிள் மார்க்'. வரிக்குக் குறுக்கே விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்வு, மறுபக்கம் செங்குத்து என்றால் ஓடும் நீர் போட்டது. செங்குத்துப் பக்கம்தான் நீர் போன திசை. இரு பக்கமும் ஒரே சாய்வு என்றால் தேங்கிய குட்டையில் அலை முன்னும் பின்னும் ஆடிப் போட்டது.