ஸ்கோர்ஷீட்டில் ஏறாத வேலை

அன்புள்ள சார்,

2015 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) இறுதிச்சுற்று பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கிளீவ்லாண்ட் அணியின் லெப்ரான் ஜேம்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 35.8 புள்ளி, 13.3 ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 8.8 அசிஸ்ட் (கூடையில் விழும் ஷாட்டுக்குப் பந்தைக் கொடுப்பது). வாரியர்ஸ் அணியின் ஆந்த்ரே இகுவோடாலா 16.3 புள்ளி. ஆனால் இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுவோடாலாவுக்கு. லெப்ரானின் அணி தோற்றது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் உண்டா? எண்களை நம்பாமல் வேறு எதை நம்புவது?

க.

அன்புள்ள க.,

எண்களைத் தாராளமாக நம்புங்கள். கூடவே இன்னும் சில எண்களையும் பாருங்கள். அந்த ஆறு ஆட்டங்களில் லெப்ரான் 196 முறை கூடைக்கு எறிந்தார், விழுந்தது 78. நாற்பது சதவீதம்கூட இல்லை. இதை வைத்து அவரைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவருடைய சக ஆட்டக்காரர் கெவின் லவ் தோள்பட்டைக் காயத்தால் முதல் சுற்றோடு வெளியேறிவிட்டார். இன்னொரு சக ஆட்டக்காரர் கைரி இர்விங்குக்கு இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் சில்லு உடைந்தது. லெப்ரான் எறியாவிட்டால் கிளீவ்லாண்டில் வேறு யார் எறிவது?

சரி, இகுவோடாலா. அந்த சீசனில் 77 ஆட்டங்களிலும் பெஞ்சிலிருந்துதான் இறங்கினார், சராசரி 7.8 புள்ளி. இறுதிச்சுற்றில் வாரியர்ஸ் 1-2 என்று பின்தங்கியிருந்தபோது, நான்காவது ஆட்டத்தில் ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து இவரைத் தொடக்கத்திலேயே இறக்கினார்கள். அதன்பிறகு மூன்று ஆட்டங்களையும் வாரியர்ஸே ஜெயித்தது. லெப்ரான் முதுகைக் கொடுத்து இடித்து இடித்து உள்ளே வருவார். எதிரே தடுத்து நிற்கும் இகுவோடாலா நகர மாட்டார். கை மட்டும் பந்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஷாட் எறிய ஓர் அணிக்குக் கிடைக்கும் 24 விநாடியும் தீரப்போகும் நேரத்தில் லெப்ரான் பின்னால் சாய்ந்து எறிவார். விழாவிட்டால் லெப்ரானின் கணக்கில் ஒரு மிஸ். இகுவோடாலாவின் பெயருக்கு எதிரே ஒன்றும் ஏறாது.

ஆனால் அவருடைய 16.3 எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். வாரியர்ஸின் ஸ்டெஃபன் கர்ரியிடம் பந்து இருக்கும். அதே அணியின் டிரேமண்ட் கிரீன் வந்து ஸ்கிரீன் வைப்பார், அதாவது கர்ரியைத் தடுப்பவரின் வழியை உடம்பால் மறிப்பார். உடனே இரண்டு பேர் கர்ரி மேல் பாய்வார்கள். கர்ரி பந்தைக் கிரீனிடம் தள்ளிவிடுவார். இப்போது எதிரே மூன்று பேர், இந்தப் பக்கம் நான்கு பேர். கிரீன் மூலைக்கு வீசுகிறார். அங்கே இகுவோடாலா தனியாக நிற்கிறார். அவரை விட்டுவிடலாம் என்பதுதான் கிளீவ்லாண்டின் கணக்கு. ஷாட் விழுந்தால் கிரீனுக்கு அசிஸ்ட், இகுவோடாலாவுக்கு மூன்று புள்ளி. இரண்டு பேரைத் தன்னிடம் இழுத்துவைத்த கர்ரிக்கு எதுவும் இல்லை!

அந்தத் தொடரை மறுபடி பார்க்கக் கிடைத்தால் ஆட்டத்தின் ஒரு குவார்ட்டர் (கால் பகுதி) முழுக்கப் பந்தை விட்டுவிட்டுக் கர்ரியை மட்டும் பாருங்கள். பந்து கையில் இல்லாதபோதும் எத்தனை பேர் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். நான் அப்படிப் பார்த்த பிறகுதான் இந்தத் தொடர் எனக்குப் பிடிபட்டது.

விருதுக்கு ஓட்டுப் போட்டவர்கள் 11 பேர். இகுவோடாலாவுக்கு 7, லெப்ரானுக்கு 4. எனக்கு ஓட்டு இருந்திருந்தால் லெப்ரானுக்குத்தான் போட்டிருப்பேன். ஆனால் இகுவோடாலாவுக்குக் கொடுத்ததில் எனக்குக் கோபமில்லை. கர்ரிக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை என்பதைத்தான் இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.