பேய்ப்படம் பார்த்துப் பார்த்துப் பயம் விட்டுப்போச்சு!

கேள்வி: பேய்க்கதை என்றால் எனக்கு உயிர். இந்த மாதம் தினம் ஒரு படம், வாரம் ஒரு புத்தகம், கடைசியில் நானே ஒரு கதை என்று திட்டம் போட்டேன். பாதி மாதம் போய்விட்டது. இப்போது எந்தப் படமும் பயமாக இல்லை. எழுத உட்கார்ந்தால் பார்த்த படங்களே வருகின்றன. “விளக்கு வைக்கிற நேரத்தில் இதெல்லாம் எதுக்கு?” என்று அம்மா வேறு திட்டுகிறார்.
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் படத்தைக் குறையுங்கள். தினமும் பார்த்தால் கதவு எப்போது திறக்கும், சத்தம் எப்போது ஏறும் என்று மனசு முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடும். அப்புறம் பயம் எங்கிருந்து வரும்? வாரம் ஒன்று போதும். எந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது, அதற்குச் சற்று முன் திரையில் என்ன இருந்தது என்று மட்டும் குறித்து வையுங்கள்.

வாசிக்க ‘காஞ்சனை’ சிறுகதையை எடுங்கள், ஏற்கெனவே படித்திருந்தாலும் சரி. அதை எழுதிய புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது உங்கள் திருப்பாதிரிப்புலியூரில்தான். கதை நடப்பது ஓர் எழுத்தாளர் வீட்டில். பிச்சை கேட்டு வந்த பெண்ணை மனைவி வீட்டோடு வைத்துக்கொள்கிறாள். வந்தவள் யார் என்று புதுமைப்பித்தன் கடைசிவரை அடித்துச் சொல்வதே இல்லை. படித்து முடித்த பிறகும் அந்தச் சந்தேகம் நம்மை விடாது. எனக்கு எந்தப் பேய்ப்படமும் அந்த அளவுக்குப் பயம் தந்ததில்லை.

எழுத்து வரவில்லை என்று கலங்காதீர்கள். 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் நண்பர்களோடு மழையில் அடைபட்டுக் கிடந்தபோது, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். அங்கிருந்த மேரி ஷெல்லிக்கு அப்போது 18 வயது. தினமும் காலையில் ‘கதை கிடைத்ததா?’ என்று கேட்பார்களாம். இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் எழுதியதுதான் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவல்.

உங்கள் கதைக்கான சரக்கு அம்மாவிடம் இருக்கிறது. விளக்கு வைத்த பிறகு எதையெல்லாம் செய்யக் கூடாது, யார் சொன்னார்கள், மீறினால் என்ன ஆகும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குச் சுடுகாட்டில் ஊரே கூடுகிற மாவட்டம் உங்களுடையது. அங்கே குழந்தையாக இருந்தபோது எதைப் பார்த்து அம்மாவின் கையைப் பிடித்தீர்கள்? அதைப் பகல் வெளிச்சத்தில், ஒரே பக்கம், பேயே இல்லாமல் எழுதிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். 2004 சுனாமியில் தேவனாம்பட்டினத்தில் இறந்தவர்களைப் பேயாக்கிவிடாதீர்கள். அவர்களைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் அங்கேதான் வாழ்கிறார்கள். உங்கள் கதை அவர்கள் கைக்கும் போகும்.