முதல் நாள் குரல் வராது

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்த என் தம்பி, ஆட்குறைப்பில் வேலையை இழந்து நான்கு மாதங்களுக்கு முன் ஊர் திரும்பினான். மாடி அறையை விட்டு இறங்குவதே இல்லை. நம்பிக்கை தரும் வாசகங்களையும், டாக்டர் வெங்கடசாமி போன்றவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளையும் தினமும் காலையில் வாட்ஸப்பில் அனுப்புகிறேன். நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அவனோடு வேலை இழந்த நண்பர் ஒருவர் விருதுநகரில் இருக்கிறார். இருவரும் சேர்ந்தால் சோர்வு இரட்டிப்பாகும் என்பதால் அவரோடு பேச வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். அவனுக்கு நம்பிக்கை பிறக்க எந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

புத்தகம் எதுவும் வேண்டாம். ஜாதக விஷயத்தில் அம்மாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். கோயில் கோயிலாக நடந்தால் அவருக்காவது உறக்கம் வரும். தம்பிக்கு இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் கெட்டிருந்தால், எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு ஒருமுறை எழுந்தால்கூட, அன்றைக்கே செல்லுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தாமதிக்கவும் கூடாது.

இனி எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். அந்த விருதுநகர் நண்பரோடு பேசக் கூடாது என்று தடை போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்கள் தம்பிக்கு இன்றைக்கு உதவக்கூடிய ஒரே மனிதரை வாசலோடு நிறுத்திவிட்டு, முகம் தெரியாத யாரோ எழுதிய வாசகங்களை மாடிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, என் அப்பா வேலை பார்த்த நூற்பாலையில் கதவடைப்பு வந்தது. ரிங் பிரேம் என்ற நூல் நூற்கும் இயந்திரத்தில் பதினெட்டு ஆண்டுகள் நின்றவர் அவர். காலைச் சங்கு கேட்டு உலை வைத்துப் பழகிய அம்மா, சங்கு ஊதாத அந்த முதல் வாரம் முழுவதும் நேரம் தெரியாமல் தடுமாறி, ஒருநாள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே சோறு வடித்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், எல்லாம் நன்மைக்கே என்றார்கள். ஒரு கதவு அடைத்தால் மறு கதவு திறக்கும் என்றுகூட ஒருவர் சொன்னார், அதுவும் கதவடைப்பு நடந்த வீட்டில். அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். உங்கள் தம்பியின் நீல டிக்குக்கும் அந்தத் தலையாட்டலுக்கும் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் மாதத்தில் ஒருவர் வந்தார். வேறொரு ஆலையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதேபோல் வேலை போனவர். உட்காரும் முன்பே நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். காய்கறி சென்ட்ரல் மார்க்கெட் அப்போது மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான்கு மணிக்கு முன் அங்கே நிற்க வேண்டும். தள்ளுவண்டியை நாள் வாடகைக்கு எடு, விலைக்கு வாங்காதே. தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள். முதல் மாதம் தக்காளியைத் தொடாதே, மிஞ்சினால் அழுகும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் போதும். நம் தெருப்பக்கம் போகாதே, செல்லூர்ப் பக்கம் போ, தெரிந்த முகம் இல்லாத இடத்தில் கூவிப் பழகு. பிறகு பேனாவை மூடிக்கொண்டு, "முதல் நாள் குரல் வராது. எனக்கும் வரவில்லை. அதற்காக வண்டியைத் திருப்பிவிடாதே" என்றார்.

அப்படியே நடந்தது. லீவு நாள் என்பதால் நானும் வண்டியோடு போயிருந்தேன். நான்கு தெருக்கள் தாண்டியும் அப்பாவின் வாயிலிருந்து "வெங்காயம்" என்ற சொல் வரவில்லை. தொண்டையைச் செருமுவார், துண்டால் முகத்தைத் துடைப்பார், சாக்கைச் சரிசெய்வார். அந்த மனிதர் பத்தடி பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். கூவித்தான் விற்க வேண்டும் என்று நினைவூட்டவுமில்லை, அப்பாவுக்குப் பதிலாகத் தான் கூவவுமில்லை. ஐந்தாவது தெருவில் ஒரு கிழவி தானாகவே எட்டிப் பார்த்து, "என்னப்பா விக்கிற, ஊமையா நீ?" என்று கேட்டார். அப்பா சிரித்துவிட்டார். அந்த மூன்று மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

சில வாரங்களாகச் சிறுபாணாற்றுப்படையைத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றில் திருமுருகாற்றுப்படை பக்தரை முருகனிடம் அனுப்புவது. மற்ற நான்கிலும் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே பசியோடு வரும் கலைஞனுக்கு வழி சொல்கிறான். நேற்றுவரை அவனும் பசித்தவன்தான். சிறுபாணாற்றுப்படையின் பாணன் தன் பழைய பசியை மறைக்கவில்லை. குட்டிகள் பால் குடிக்க வந்தால், மடியில் பாலில்லாத தாய்நாய் குரைக்கும் அடுக்களை. குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் கண்ணில் படுவதற்கு நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்டது என்று அத்தனையையும் சொல்கிறான். (என் அம்மாவும் அந்த மாதங்களில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தெருக்கதவைச் சாத்திவிடுவார். வெயில் வருகிறது என்று காரணம் சொல்வார். எங்கள் வீடு வடக்குப் பார்த்த வீடு.) தனக்குப் பரிசில் தந்த மன்னன் நல்லியக்கோடனிடம் போகும் வழியையும் விவரமாகச் சொல்கிறான்: எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன் கிடைக்கும், வேலூரில் புளிச்சோறும் ஆமான் என்ற காட்டுப்பசுவின் சூட்டிறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும். மனம் தளராதே என்று சும்மா தட்டிக்கொடுத்து அனுப்பவில்லை, அடுத்த வேளைச் சோறு எந்த ஊரில் என்று சொல்கிறான். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இருந்ததும் ஓர் ஆற்றுப்படைதான் என்று எனக்கு உறைக்க இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

டாக்டர் வெங்கடசாமியின் கதையை அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். அவர்மேல் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் அனுப்பியது 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கதையாகத்தான் இருக்கும், எல்லோரும் அனுப்புவது அதைத்தான். முப்பது வயதை ஒட்டி முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போய், மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டு, அதே விரல்களால் கண்ணில் கத்தி வைக்கப் பழகியவர் அவர். 58ஆம் வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த 11 படுக்கைகள். நடுவில் கிடக்கும் முப்பது ஆண்டுகளை யாரும் வாட்ஸப்பில் அனுப்புவதில்லை. நான்கே மாதமான உங்கள் தம்பிக்கு அந்த நடுப்பகுதிதான் தேவை, நீங்களோ முடிவை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பிக்காக முகம் தெரியாத ஒருவனுக்குக் கடிதம் எழுதும் அக்கா எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நாளைக் காலை எதையும் அனுப்ப வேண்டாம். அந்த விருதுநகர் நண்பருக்கு நீங்களே போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லுங்கள். விருதுநகரிலிருந்து திருமங்கலம் ஒரு மணி நேரப் பயணம்தான். சாப்பாட்டை மாடிக்குக் கொண்டுபோய் இருவருக்கும் பரிமாறிவிட்டு நீங்கள் கீழே இறங்கிவிடுங்கள். அவர்கள் சம்பளப் பாக்கியைப் பற்றிப் பேசலாம், மேலாளரைத் திட்டலாம், ஒன்றும் பேசாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். மோர் கொண்டுபோகும் சாக்கில் மேலே ஏறிப் பார்க்காதீர்கள். மோரையும் முதலிலேயே வைத்துவிடுங்கள்.