மேய்ச்சல் நிலத்தில் மரம் முளைத்தால் அது காடா?

கேள்வி: பிரான்சில் லிமூசின் பகுதியில் பழைய பண்ணை வீடொன்றை 3 ஹெக்டேர் நிலத்தோடு வாங்கியிருக்கிறோம். 1 ஹெக்டேர் புல்வெளி. மீதி 2 ஹெக்டேரில் பிர்ச், பைன், இடையிடையே ஓக். முன்பு ஆடு மேய்ந்த இடமாம். அதில் பாதியைத் திருத்தி மறுபடி ஆடு விட ஆசை. பக்கத்து நிலத்துக்காரர், “அது காடாகிவிட்டது, கை வைத்தால் அபராதம், என்னிடமே விற்றுவிடுங்கள்” என்கிறார். மரத் தரகரோ, “எல்லாவற்றையும் வெட்டிவிட்டு டக்ளஸ் என்ற ஊசியிலை மரம் நடலாம், உங்களுக்குச் செலவே இல்லை” என்கிறார். ஐரோப்பாவில் காடு அழிந்த கதையைப் படித்த பிறகு வெட்டவும் மனம் வரவில்லை. என்ன செய்வது? (பாரிஸ் புறநகரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இருவருமே உங்கள் நிலத்தை மலிவாக மதிப்புப் போடுகிறார்கள். இப்போதைக்கு வெட்டவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவும் வேண்டாம். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒரே ஒரு தேதி. அந்த 2 ஹெக்டேரில் மேய்ச்சல் எந்த ஆண்டு நின்றது? அது கிடைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வெட்ட மனம் வரவில்லை என்கிறீர்களே, அதை முதலில் பார்ப்போம். நீங்கள் படித்தது பழைய கதை. 11-ம் நூற்றாண்டிலிருந்து 13-ம் நூற்றாண்டு வரை மேற்கு ஐரோப்பாவில் காட்டைத் திருத்தித்தான் ஊர்கள் பெருகின. 1347-ல் புகுந்த கொள்ளைநோயில் ஊர்கள் காலியாகி, வயல்களில் மரம் ஏறியது. ஜனம் பெருகியதும் மறுபடி கோடரி. இரும்பு உலை, கண்ணாடிச் சூளை, உப்புக் கொப்பரை, போர்க்கப்பல், குளிர்கால அடுப்பு எல்லாம் மரத்தைத்தான் தின்றன. 1669-ல் பிரான்சில் பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் காட்டுக்குச் சட்டம் போட்டார். 1713-ல் ஜெர்மனியில் சாக்சனியின் சுரங்க அதிகாரி கார்லோவிட்ஸ், வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று எழுதினார். அதற்குப் பிறகும் காடு சுருங்கிக்கொண்டேதான் போனது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் மிஞ்சியது ஏறத்தாழ 90 லட்சம் ஹெக்டேர்.

இன்று அது 1.7 கோடியைத் தாண்டிவிட்டது. அயர்லாந்தில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 1 சதவீதமாக இருந்த காடு இப்போது 11 சதவீதம். ஸ்காட்லாந்து, டென்மார்க், சுவிட்சர்லாந்து எல்லாவற்றிலும் ஏறுமுகம்தான். இதற்குப் பெரிய காரணம் நிலக்கரியும் ரயிலும். விறகின் தேவை குறைந்தது, தானியம் வெளியிலிருந்து வந்தது, கல்லும் சரிவுமான நிலத்தை உழுது பிழைக்க வேண்டிய கட்டாயம் போனது. லிமூசினில் க்ரேஸ் பக்கத்துக் கொத்தனார்கள் பாரிஸுக்கு வேலைக்குப் போனார்கள், போருக்குப் போன பலர் திரும்பவில்லை, 1945-க்குப் பிறகு இளைஞர்கள் நகரத்துக்குக் கிளம்பினார்கள். தரிசு விழுந்த மேய்ச்சல் நிலத்தில் காற்று கொண்டுவந்த பிர்ச் விதை முளைத்தது. உங்கள் 2 ஹெக்டேர் பெரும்பாலும் அந்த வகைதான். அதில் பாதியைப் புல்வெளியாக்கினால் தொன்மையான காடு எதுவும் அழிந்துவிடாது.

ஆனால் ‘பெரும்பாலும்’ என்பது அலுவலகத்தில் செல்லாது. தேதிக்கு ஆதாரம் வேண்டும். தேசிய நிலவரைவியல் நிறுவனத்தின் (இ.ஜெ.என்.) ‘ர்மோந்தே லு தோம்’ தளத்தில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பழைய வான்படங்கள் ஆண்டு வாரியாக இலவசமாகக் கிடைக்கும். 1950-களின் படம் ஒன்று, 30 ஆண்டுக்கு முந்தைய படம் ஒன்று, இப்போதைய படம் ஒன்று, மூன்றையும் எடுங்கள். புல்வெளி வழுவழுப்பான வெளிர் சாம்பலாகத் தெரியும். தனித்தனிப் புள்ளிகள் புதர். சொரசொரப்பான கருமை என்றால் மரங்கள் கூடிவிட்டன. ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்த தேதி இருக்கும், அதோடு சேர்த்தே அச்செடுங்கள். தேதியில்லாத படத்தை எவரும் ஏற்க மாட்டார்கள்.

அடுத்து நிலத்தில் இறங்கிப் பாருங்கள். பைன் மரம் ஆண்டுக்கு ஓர் அடுக்குக் கிளை விடும். அடியில் உதிர்ந்துபோன அடுக்குகளின் தழும்புகளையும் சேர்த்து எண்ணி, தொடக்கத்துக்கு நாலைந்து ஆண்டு கூட்டிக்கொள்ளுங்கள். பிர்ச்சில் ஆண்டு வளையம் மங்கலாக இருக்கும். விழுந்த மரத்தைத் தரையை ஒட்டி அறுத்து, வெட்டுமுகத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தண்ணீர் தடவினால் எண்ண வரும். நெஞ்சுயரத்தில் எண்ணினால் சில ஆண்டுகள் குறையும். இதில் பலரும் ஏமாறுவது வேலியோர ஓக்கில்தான். தாழ்வாகவே கிளை பரப்பிய பருத்த ஓக் 150 வயதானதாக இருக்கலாம், ஆனால் அது வெட்டவெளியில் வளர்ந்த மரம். அதன் பட்டைக்குள் முள்கம்பி புதைந்திருந்தால் அது வேலி மரம்தான், சந்தேகமே வேண்டாம். அதன் வயதைக் காட்டின் வயது என்று யாராவது அடித்துச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

தரையும் சாட்சி சொல்லும். ஆடுமாட்டு உரம் விழுந்த மண்ணில், தொட்டால் அரிக்கும் செந்தட்டிச் செடி செழிக்கும். வசந்தத்தில் வெள்ளையாகப் பூக்கும் காட்டு அனிமோன் மிக மெதுவாகப் பரவும் செடி, அது தரை முழுக்க விரிந்திருந்தால் அங்கே நிழல் நெடுங்காலமாக இருக்கிறது என்று பொருள். மண்ணுக்கு ஞாபகம் அதிகம். நடு பிரான்சின் த்ரோன்சே காட்டில் ரோமானியர் காலத்துப் பண்ணைகள் இருந்த இடங்களில் இன்றும் மண்ணின் சத்தும் செடிகளும் வேறாக இருக்கின்றன.

இனி சட்டம். மரம் வெட்டுவது வேறு, காடு திருத்துவது வேறு. வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர விட்டால் அது வெட்டு. அடிக்கட்டையைப் பிடுங்கிப் புல் போட்டால் அது ‘தெஃப்ரிஷ்மான்’, அதற்குத்தான் அனுமதி. மரத்தை வெட்டாமலே ஆட்டை உள்ளே விட்டு, கன்றெல்லாம் கடிபட்டு, மெல்ல மெல்லக் காடு போனாலும் அதுவும் திருத்தல்தான். அனுமதியில்லாமல் செய்தால் அபராதம் சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 150 யூரோ. 1 ஹெக்டேருக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

உங்களைக் காப்பாற்றக்கூடிய விலக்கு ஒன்று இருக்கிறது, அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 30 ஆண்டு நிரம்பாத இளங்காட்டுக்கு இந்த அனுமதி தேவையில்லை. அது தானாக முளைத்ததாக இருக்கலாம், நட்டதாகவும் இருக்கலாம். ஆனால் வேறெங்கோ அழித்த காட்டுக்கு ஈடாக நட்ட மரம் என்றால் வயது கணக்கில்லை, அனுமதி வேண்டும். முன்பு ஏதாவது அனுமதியின்போது ‘இந்தப் பகுதி காடாகவே இருக்க வேண்டும்’ என்று ஒதுக்கியிருந்தாலும் அப்படியே. மலைச்சரிவைக் காக்க நட்டதும் இதில் சேரும். விற்றவர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார், நொத்தேரிடம் (பத்திரம் முடித்த சட்ட அலுவலர்) எழுத்தில் கேளுங்கள். நிலத்தின் ஒரு பக்கம் 25 வயது, மறுபக்கம் 40 வயது என்று இருப்பது சாதாரணம். அப்போது விலக்கு இளைய பக்கத்துக்கு மட்டும். எனவே முதலில் வான்படத்தில் எல்லைக் கோடு போட்டு, ஆட்டுக்கான 1 ஹெக்டேரை இளைய பக்கத்தில் வையுங்கள். வசதியான பக்கம், தண்ணீர் உள்ள பக்கம் என்று பார்த்து மூத்த பக்கத்தில் வைத்துவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

30-ஐத் தாண்டிவிட்டதா? அப்போது பரப்பளவுக் கணக்கு வரும். மாவட்டத்துக்கு மாவட்டம் 0.5 முதல் 4 ஹெக்டேருக்குள் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், அதற்குக் குறைந்த காட்டுக்கு அனுமதி வேண்டாம். உங்களிடம் 2 ஹெக்டேர்தானே என்று நிம்மதியடைய வேண்டாம். பக்கத்து நிலத்தின் காடு உங்களுடையதோடு ஒட்டி நின்றால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள், உரிமையாளர் வேறாக இருந்தாலும். நிலப்பதிவில் ‘மேய்ச்சல்’ என்றிருப்பதும் கைகொடுக்காது, நிலத்தில் நிற்பதுதான் கணக்கு. விண்ணப்பம் மாவட்ட நில அலுவலகத்தில் (தே.தே.தே.). கிடைத்தாலும் ஈடாக வேறிடத்தில் மரம் நடவோ பணம் கட்டவோ சொல்வார்கள், பரப்பில் 1 முதல் 5 மடங்கு வரை. ஊர்த் திட்டத்தில் உங்கள் துண்டு ‘காக்கப்பட்ட மரப்பகுதி’ என்று குறித்திருந்தால் பேச்சே இல்லை, விண்ணப்பம் திரும்பிவிடும். இதை மேரியில் (ஊராட்சி அலுவலகம்) முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

1827-ல் இதே அரசு காட்டுச் சட்டம் கொண்டுவந்து ஆடுமாட்டைக் காட்டிலிருந்து விரட்டியது. 1829-ல் ஆரியேஜ் மலைக் குடியானவர்கள் பெண் உடை போர்த்திக்கொண்டு வனக் காவலர்களை அடித்தார்கள். 1946-ல் காட்டு நிதி தொடங்கி, மேய்ச்சல் நிலத்தில் ஊசியிலை மரம் நடப் பணம் கொடுத்தது. அப்படி வளர்ந்த ஒரே வயது, ஒரே இனத் தோப்புகளில் எத்தனையோ 1999 டிசம்பர் புயலில் லிமூசினில் வரிசையாகச் சாய்ந்தன. இப்போது அதே அரசு, பத்து ஆடு மேய்க்க நினைக்கிறவரிடம் படிவம் கேட்கிறது. வருத்தப்பட்டுப் பயனில்லை, படிவத்தை நிரப்புங்கள்.

தரகர் விஷயத்துக்கு வருவோம். ‘செலவே இல்லை’ என்றால் உங்கள் மரத்தின் விலையில் அந்தச் செலவு கழிகிறது என்று அர்த்தம், எவ்வளவு என்பது அவருக்கு மட்டும் தெரியும். மொத்தமாக இவ்வளவு என்று பேசாதீர்கள். கன மீட்டருக்கோ டன்னுக்கோ விலை, எடைமேடைச் சீட்டின் நகல் உங்களுக்கு, முன்பணம் வராமல் லாரி கிளம்பாது, பாதை குழியானால் சரிசெய்வது அவர் பொறுப்பு, மண் ஈரமாக இருக்கும்போது இயந்திரம் இறங்கக் கூடாது. இந்த ஐந்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் வேறு ஆள் பாருங்கள். டக்ளஸ் நல்ல மரம்தான், ஆனால் ஹெக்டேருக்கு ஆயிரத்துக்கு மேல் கன்று நட்டு, மான் கடிக்காமல் காத்து, களை நீக்கி, 15-20 ஆண்டில் நெருக்கமான மரங்களை முதல்முறை களைந்து, வருமானம் பார்க்க 40-50 ஆண்டு ஆகும். அவ்வளவு காலம் தரகர் இருக்க மாட்டார்.

மீதி 1 ஹெக்டேரில் எதுவும் நட வேண்டாம். பிர்ச்சின் அடியில் ஜே பறவை புதைத்து மறந்த ஓக் கொட்டையிலிருந்து ஓக் வந்துகொண்டிருக்கும். நேரான, உரமான 60-80 மரத்துக்குப் பெயின்டால் குறி போட்டு, சில ஆண்டுக்கொரு முறை அவற்றை நெருக்கும் மரத்தை மட்டும் எடுங்கள், அடுப்புக்கு விறகு ஆயிற்று. எதற்குக் குறி போடுவது என்று தெரியாவிட்டால் தனியார் காடுகளுக்கான தேசிய மையத்தின் (சே.என்.பே.எஃப்.) ஆலோசகரை அழையுங்கள், அவர் மரம் வாங்குகிறவர் அல்ல.

பக்கத்து நிலத்துக்காரருக்கு விற்க வேண்டி வந்தாலும், அவரிடம் உங்கள் நிலத்தை ஒட்டிய காட்டுத் துண்டு இல்லையென்றால், அவருக்கு மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. நிலப்பதிவில் காடு என்றிருக்கும் 4 ஹெக்டேருக்குக் குறைந்த துண்டை விற்கும்போது, ஒட்டியுள்ள காட்டுத் துண்டுகளின் உரிமையாளர்கள் எல்லோருக்கும் விலையைத் தெரிவித்து 2 மாதம் காத்திருக்க வேண்டும். அவர் அவசரப்படுத்துவது இது தெரிந்துதானோ என்னவோ. நிலப்பதிவில் ‘மேய்ச்சல்’ என்றிருந்தால் இந்த விதி பொருந்தாது. அதனால் எதையும் பேசுவதற்கு முன் மேரியில் நிலப்பதிவு நகலை வாங்கி, ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.