நரை கறுக்க ‘ஹெ ஷோ வூ’ வேர் சாப்பிடலாமா?

கேள்வி: சீனாவில் இருக்கும் நண்பர் ‘ஹெ ஷோ வூ’ என்ற வேரை அனுப்பி, கஷாயம் வைத்துக் குடித்தால் நரைமுடி கறுக்கும் என்கிறார். குடிக்கலாமா?

குடித்துப் பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். எனக்கு முடி கறுக்கவில்லை, வயிறுதான் போயிற்று.

வேலைக்காகச் சீனாவின் குவாங்சோ நகரத்தில் நான்கு வருடம் இருந்தேன். முப்பத்தைந்திலேயே காதோரம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. தெருவோரம் ஒருவரிடம் அரைக் கிலோ வாங்கினேன். செம்பழுப்பு வில்லைகள், வெட்டின இடத்தில் மேகம் மேகமாகக் கோலம். அந்தக் கோலத்தை வைத்துத்தான் அங்கே வேரை அடையாளம் பார்ப்பார்கள். ஒரு கைப்பிடி போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தேன். கசப்பும் துவர்ப்பும். மறுநாள் ஆபீஸுக்கு லீவு.

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா மிச்சத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். நான் குடித்தது ‘ஷெங்’, அதாவது பச்சை வேர். அது மலச்சிக்கலுக்குக் கொடுப்பது! முடிக்கென்று கொடுப்பது ‘ஜி’, பக்குவம் செய்தது. கறுப்பு சோயாவை வேகவைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, உள்ளே வரை கருகருவென ஆகும்வரை ஆவியில் அவிக்க வேண்டும். ஒன்பது முறை அவித்து ஒன்பது முறை காயவைப்பது பழைய முறை. சேராங்கொட்டையை நம் வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள் இல்லையா, அந்த மாதிரிதான்.

முடி கறுக்கும் என்ற நம்பிக்கை பேரிலேயே இருக்கிறது. ‘ஹெ’ குடும்பப் பெயர், ‘ஷோ’ தலை, ‘வூ’ கறுப்பு. சீனாவின் தாங் வம்சக் காலத்து எழுத்தாளர் லி ஆவ் எழுதிவைத்த கதை இது: 58 வயதுவரை பிள்ளை இல்லாத ஒருவர் மது குடித்துவிட்டு மலையில் படுத்திருந்தாராம். பக்கத்தில் இரண்டு கொடிகள் ராத்திரியில் பின்னிக்கொள்வதும் பிரிவதுமாக இருந்தன. கிழங்கைத் தோண்டிச் சாப்பிட்டார், பிள்ளை பிறந்தது. பேரனோ 130 வயதுவரை கறுப்பு முடியோடு இருந்தானாம். பேரன் பேர்தான் வேருக்கு. கொடியின் தண்டை இன்றைக்கும் ‘இரவில் பின்னும் கொடி’ என்று தூக்கத்துக்குக் கொடுக்கிறார்கள். மனுஷ உருவத்தில் ‘நூறு வருஷ வேர்’ என்று விற்பார்கள், அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அச்சுக்குள் வேறு கிழங்கை வளர்த்துச் செய்கிற ஏமாற்று வேலை அது.

வயிற்றுப்போக்கு இரண்டு நாளில் சரியாகிவிடும். பயப்பட வேண்டியது கல்லீரலுக்கு. 2006இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. 2014இல் சீன அரசே, சத்துப் பொருள்களில் ஒரு நாளைக்குப் பச்சை வேர் 1.5 கிராம், பக்குவம் செய்தது 3 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. பக்குவம் செய்ததைச் சாப்பிட்டும் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று சீன ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அது நம் உடம்பில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதே. நரை கறுக்கும் என்பதற்கோ உருப்படியான நிரூபணம் கிடையாது.

அதனால் என் பதில், வேண்டாம். ஏற்கெனவே கல்லீரல் கோளாறு இருந்தாலோ, தினமும் வேறு மாத்திரை எடுத்தாலோ தொடவே தொடாதீர்கள். இதற்குள் குடிக்க ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிட்டு கல்லீரல் எப்படி இருக்கிறது என்று காட்டும் எல்எஃப்டி ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பசி செத்துப்போய், சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் வந்தால் ரிசல்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள், அந்த வேரையும் கையோடு எடுத்துக்கொண்டு.